வலப்பக்க நிலைக்கால்

பிராங்ஃபர்ட் நகருக்கு அருகே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான் செவிலியராகப் பணியாற்றுகிறேன். 2022 ஆம் ஆண்டு வசந்த காலத்தில், உக்ரைன் போரில் சிக்கிக்கொண்ட யூத முதியவர்கள் பலர் ஆம்புலன்ஸ்களில் படுத்தபடியே ஜெர்மனியின் இல்லங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சிறுவயதில் நாஜிகளிடமிருந்து உயிர்தப்பிய அவர்களை மீட்கும் பொறுப்பைக் கிளெய்ம்ஸ் கான்பரன்ஸ் முதலான யூத அமைப்புகள் ஏற்றுக்கொண்டன. எங்கள் மாடிக்கு அப்படி வந்து சேர்ந்தவர், கீவ் நகரில் பிறந்த, 85 வயதான ஓர் அம்மையார்.

சிறுவயதில் யாருடைய படைக்கு அஞ்சி ஓடினாரோ அவர்களின் நாட்டிலேயே அடைக்கலம் புகுந்திருக்கிறார் என்பது முதல் நாள் எனக்கு உறைக்கவில்லை. ஜெர்மன் அவருக்கு ஓரளவு புரிந்தது. அவருடைய பாட்டி வீட்டில் பேசிய யித்திஷ் மொழி ஜெர்மனுக்கு நெருங்கிய உறவு. “நீ பேசுவதைக் கேட்டால் என் பாட்டி பேசுவதுபோல இருக்கிறது, மகளே” என்று ஒருநாள் சொன்னார். 1941 ஜூலையில் அவரும் அவருடைய தாயும் தாஷ்கண்ட் செல்லும் ரயிலில் ஏறியபோது, நடக்க முடியாத அந்தப் பாட்டி கீவிலேயே தங்கிவிட்டார். செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் கீவை ஒட்டிய பாபி யார் பள்ளத்தில் 33,771 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; கொன்றவர்களே தங்கள் மேலிடத்துக்கு எழுதி அனுப்பிய கணக்கு அது.

எங்கள் இல்லத்தில், அறைகளில் மிஞ்சிய உணவை இரவுக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்பது சுகாதார விதி. அந்த விதிப்படி, காகிதக் கைக்குட்டையில் சுற்றி அவர் மேசை இழுப்பறையில் வைத்திருந்த ஒரு ரொட்டித் துண்டை நான் எடுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் காலை, இழுப்பறையை முழுவதுமாக வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டி, சீப்பு, மாத்திரை உறை என்று ஒவ்வொன்றாக எடுத்து அடியில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அன்று மாலை முதல் பழைய துண்டை எடுக்கும்போதே புதிய துண்டு ஒன்றை அதே இடத்தில் வைக்க வேண்டும் என்று அவருடைய பராமரிப்புத் திட்டத்தில் எழுதினேன். நான் இங்கே எழுதிய குறிப்புகளில் மிகவும் பயனுள்ளது அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் சமய நெறிகளைக் கடைப்பிடித்து வாழ்ந்தவர் அல்லர். சோவியத் பணியாளர் படிவத்தில் ஐந்தாவது வரி இனத்தைக் குறிப்பது. அதில் அவருக்கு ‘யூதர்’ என்று எழுதியிருந்தது. “கடவுளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஐந்தாவது வரியைப் பற்றி நன்றாகத் தெரியும்” என்பார். உள்ளூர் யூத சமூகத்திலிருந்து ஒருவர் வந்து அவருடைய அறைக் கதவின் வலப்பக்க நிலைக்காலில், சற்றே சாய்வாக, மெசூசா என்னும் சிறு உறையை இரண்டு திருகாணிகளால் பொருத்தியபோது, அது தன் வாழ்நாளில் தனக்கு வாய்த்த முதல் மெசூசா என்றார். வீட்டு நிலைகளிலும் வாசல்களிலும் எழுதிவைக்கச் சொல்லும், விவிலியத்தின் உபாகம வசனம் உள்ளே தோல்சுருளில் இருக்கிறது. நாகர்கோவிலில் ஞாயிறு பள்ளியில் நான் தமிழில் மனப்பாடம் செய்த அதே வசனம்.

2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து காசாவில் நடந்த போரில் பல்லாயிரம் உயிர்கள் போயின. அதே மாதம் பெர்லினில் சில வீட்டு வாசல்களில் யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரம் கிறுக்கப்பட்டது. ஒரு யூத ஆலயத்தை நோக்கிப் பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. எங்கள் பொது அறைத் தொலைக்காட்சியில் இவை ஓடிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், வேறொரு முதியவரைப் பார்க்க வந்திருந்த அவருடைய மகன் அந்த மெசூசாவைச் சுட்டிக்காட்டி, “இவர்கள் போன இடமெல்லாம் சண்டைதான். இங்கே நம் காசில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்” என்றார். கதவு திறந்திருந்தது. நான் மருந்துத் தட்டோடு அவரைக் கடந்து போனேன். என் ஜெர்மன் போதாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மருந்தளவு தவறாக இருந்தால் மருத்துவரிடமே வாதிடும் அளவுக்கு அந்த மொழி எனக்குத் தெரியும்.

இரண்டு நாட்கள் கழித்து அம்மையார் ஒரு திருப்புளி கேட்டார். மெசூசாவைக் கழற்றித் தரவேண்டும் என்றார்.

குடியிருப்பவரின் விருப்பத்தை மதிப்பது எங்கள் பணியின் முதல் பாடம். ஆனால் அச்சத்தினால் கேட்பதை விருப்பம் என்று பதிவேட்டில் எழுதிவிட என்னால் முடியவில்லை. அன்று பணி ஒப்படைப்பின்போது, நான் கேட்டதையும் கேட்டுவிட்டுப் பேசாமல் போனதையும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். பெரிய வெள்ளிப் பிரசங்கங்களில் ‘யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்’ என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு சிலரின் செயலை அந்த இனம் முழுவதன் மீதும், இன்றுள்ளவர்கள் மீதும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்னும் ஆயர்களின் பேரவையில் எழுதிவைத்ததை வெகுகாலம் அறியாதிருந்தேன். ஓர் அரசின் போரை விமரிசிப்பதற்கும், அந்த நாட்டில் ஒருநாளும் வாழ்ந்திராத ஒரு மூதாட்டியின் கதவை நோக்கி விரல் நீட்டுவதற்கும் உள்ள தூரம் எனக்கு அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. எங்களிடம் பயிற்சியில் இருந்த ஓர் இளைஞனின் தாய்வழி உறவினர்கள் காசாவில் இருந்தார்கள். அவன் பல இரவுகளாகத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. “என் துக்கத்துக்கு அந்தப் பாட்டி பொறுப்பில்லை, சகோதரி. அவருக்கு நான்தான் சாப்பாடு ஊட்டுகிறேன்” என்றான். அவனுக்கு அழுகை வந்தது, எனக்கும்தான்.

இல்லத்தின் நிர்வாகி அந்தப் பார்வையாளரை அழைத்துப் பேசினார். இனிமேல் அப்படிப் பேசினால் உள்ளே அனுமதி இல்லை என்று எழுத்திலும் கொடுத்தார். அதை அம்மையாரிடம் சொன்னேன். நன்றி என்றார், திருப்புளியை மறக்கவில்லை. எண்பது ஆண்டு அச்சத்தை ஒரு கடிதம் போக்கிவிடும் என்று நான் எதிர்பார்த்தது என் அவசரம்தான். யூத சமூகத்தின் மதகுருவான ரப்பியிடம் தொலைபேசியில் கேட்டபோது, ஆபத்து இருந்தால் உட்புறமாக வைக்கலாம் என்றார். அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்து உயரத்தைக் காட்ட, நானும் அந்த இளைஞனும் அதைக் கழற்றி அறையின் உட்பக்கம் பொருத்தினோம்.

போன மாதம் கட்டடப் பராமரிப்பு ஊழியர் ஒருவர் கதவுகளுக்கு வண்ணம் பூச வந்தார். வெளி நிலைக்காலில் இருந்த இரண்டு துளைகளைப் பட்டி வைத்து அடைக்கப் போனார். அடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். உள்ளேயிருந்து அம்மையார், அவை அப்படியே இருக்கட்டும், திருகாணிகள் தன்னிடம் பத்திரமாக இருக்கின்றன என்றார். ரொட்டி இருக்கும் அதே இழுப்பறையில்தான் வைத்திருக்கிறார்.