தொலைந்த எட்டு ரீல்: ‘ரகிள்ஸ் ஆஃப் ரெட் கேப்’ படத்தைக் கோத்துப் பார்க்கிறேன்

நான்கு மாதமாக ஓய்வு நேரமெல்லாம் ஒரே படத்தில் போகிறது. நான் பார்த்திராத படம். ஜேம்ஸ் குரூஸ் இயக்கி 1923-ல் பாரமவுண்ட் வெளியிட்ட ‘ரகிள்ஸ் ஆஃப் ரெட் கேப்’ என்ற மௌனப் படத்துக்கு இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது. அமெரிக்க முழுநீள மௌனப் படங்கள் ஏறக்குறைய 11,000-ல், வெளியானபோது இருந்த வடிவத்திலேயே முழுதாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் கணக்கெடுத்துச் சொன்னது. மற்ற பலவற்றின் கதிதான் இதற்கும்.

கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரகிள்ஸ் ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் தம்பிக்கு உடை எடுத்து வைக்கும் பணியாள். பாரிஸில் போக்கர் ஆட்டத்தில் எஜமானர் அவனையே பணயமாக வைத்து ஓர் அமெரிக்கக் குடும்பத்திடம் தோற்றுவிடுகிறார். வாஷிங்டன் மாநிலத்தில் ரெட் கேப் என்ற ஊர். அங்கே போய் இறங்கியதும், ஊர்க்காரர்கள் இவனை ஒரு கர்னல் என்று நினைத்துக்கொண்டு விருந்துக்கு அழைக்கிறார்கள். எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன்தான் ரகிள்ஸ். பின்னாளில் பேசும் படங்களில் பதற்றமான குரலாலேயே பெயர் வாங்கியவர், இதில் குரலில்லாமல் நடித்தார்.

2002-ல், தொலைந்துபோன ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ படத்தை ஸ்டில்களை வைத்தே தொலைக்காட்சிக்காகத் திரும்பக் கட்டினார்கள். அதே வழியைச் சின்ன அளவில் பிடித்தேன். முதலில் ஹாரி லியோன் வில்சன் 1915-ல் எழுதிய மூல நாவலைப் படித்து, காட்சிக்கு ஒரு குறிப்பு எழுதினேன். இங்கேயே சிக்கல். நாவலை ரகிள்ஸே சொல்கிறான். சிரிப்பெல்லாம் அவன் பேசும் விதத்தில் இருக்கிறது. மௌனப் படத்தில் அது முகத்துக்கும், நடுநடுவே திரையில் வசனம் காட்டும் எழுத்து அட்டைக்கும் மாறியிருக்க வேண்டும். ஆகவே நாவலிலிருந்து சம்பவங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஸ்டில்கள். இதே கதை 1918-லும் படமாகியிருக்கிறது; நாயகன் டெய்லர் ஹோம்ஸ். அவர் படத்து ஸ்டில் ஒன்றை இதற்குள் சேர்த்து, ஒரு வாரம் கழித்துதான் கவனித்தேன். அதற்குப் பிறகு எந்தப் படத்தின் ஸ்டில் என்று காட்ட ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்க்காமல் எதையும் எடுப்பதில்லை. இன்னொன்று, ஸ்டில் என்பது படச்சுருளிலிருந்து வெட்டிய பிம்பம் அல்ல. நடிகர்களை நிற்கவைத்துத் தனிக் கேமராவில் எடுத்தது. யார் எங்கே நின்றார்கள், என்ன உடுத்தினார்கள் என்று சொல்லும். எப்படித் திரும்பினார்கள் என்று சொல்லாது.

அதிக நாள் பிடித்தது போக்கர் முடிந்த மறுநாள் காலை. “ரகிள்ஸ், உன்னைச் சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டேன்” என்று ஓர் அட்டை, பக்கத்தில் ஹார்ட்டன் விறைப்பாக நிற்கும் ஸ்டில், அவ்வளவுதான். முதலில் முகத்தைக் காட்டி, மெல்லப் பெரிதாக்கி, பிறகு அட்டையைப் போட்டேன். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அட்டையை முன்னால் கொண்டுவந்தேன், தேவலை. பெரிதாக்குவதை எடுத்துவிட்டு, முகத்தை அசைக்காமல் மூன்று விநாடி நிறுத்தினேன். அம்மா சிரித்துவிட்டார். நல்ல பணியாள் முகத்தில் எதையும் காட்டக் கூடாது, அதனால் அசையாத ஸ்டில்லே அவனுக்குப் பொருந்திவிட்டது! கர்னல் விருந்துக் காட்சியில் இந்த உத்தி எடுபடவில்லை. அங்கே எல்லாரும் அசைய வேண்டும்.

தமிழ் அட்டைகளைச் சுருக்குவதும் தனி வேலை. சத்தமாக இரண்டு முறை படித்து, அந்த நேரத்தையே அட்டைக்குக் கொடுக்கிறேன். மூன்று வரிக்கு மேல் போனால் வெட்டு.

இப்போதைக்கு 19 நிமிடம் கோத்திருக்கிறேன். எட்டு ரீல் படம், விநாடிக்கு 20 பிம்பம் என்று ஓட்டினால் நூறு நிமிடத்தை ஒட்டி வரும். அடுத்து, ஊருக்கு வந்து சேரும் பிரபு, ‘கிளாண்டைக் கேட்’ என்ற பெண்ணைச் சந்திக்கும் இடம். கேட்டாக நடித்த லோயிஸ் வில்சனின் தெளிவான ஸ்டில் ஒன்று போன ஞாயிறு கிடைத்தது. எண்ணும் சரியாக இருக்கிறது.