ஒட்டடைக்கு முகூர்த்தம்

ரிட்டயர் ஆனதிலிருந்து இவருக்கு எதிலும் பிடிப்பில்லையாம். அதற்கு வைத்தியம், பட்டியல் போடுவது. காலையில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் பிள்ளையார் சுழி போட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுகிறார். முதல் வரி, 'காபி குடிக்க'. குடித்துவிட்டுத்தான் எழுதுவார், எழுதிய கையோடு டிக். அடுத்தது 'பேப்பர் படிக்க'. அதற்கும் டிக். இப்படி டிக் விழுந்தால்தான் மற்ற வேலைக்குக் கை வருமாம்.

அந்த மற்ற வேலைகளை வெள்ளிக்கிழமைதான் கிட்டப் போய்ப் படித்தேன். 'ஈபி பில் ஞாபகப்படுத்த.' 'உளுந்து ஊறப்போட்டாச்சா கேட்க.' 'மிக்சி ஜாரை ரிப்பேருக்குக் கொடுக்கச் சொல்ல.' எல்லாவற்றுக்கும் டிக்! பில் கட்டியது, ஊறப்போட்டது, ஜாரைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தது யார் என்று தாளில் எங்கேயும் காணோம்.

கேட்டால் சைக்காலஜி பேசுகிறார். பாதியில் நின்ற வேலைதான் மனசை விட்டுப் போகாது என்று ப்ளூமா ஸைகார்னிக் என்கிற அம்மா 1927-லேயே எழுதிவிட்டாராம். எழுதி வைத்துவிட்டால் மனசு லேசாகுமாம். இவர் மனசு லேசாகத்தான் இருக்கிறது. நின்ற வேலையெல்லாம் என் மனசில் அல்லவா குடியிருக்கிறது!

டிக்கே பார்க்காத ஒரே வரி, 'ஒட்டடை அடிக்க'. பொங்கலிலிருந்து தாளுக்குத் தாள் தாவிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே குச்சியை எடுத்து இவர் கையில் நீட்டினேன். "வெள்ளிக்கிழமை யாராவது ஒட்டடை அடிப்பாங்களா?" என்று மாமியார் ஊஞ்சலை நிறுத்திவிட்டார். சரி, சனிக்கிழமை? 9-லிருந்து 10.30 ராகு காலம். 1.30-லிருந்து 3 எமகண்டம். நடுவில் சாப்பாடு, அப்புறம் உண்ட மயக்கம். சிலந்திக்குக்கூட இவ்வளவு பந்தோபஸ்து எந்த வீட்டிலும் கிடைக்காது. கடைசியில் மாமியாரே பென்சிலை வாங்கி, 'ஞாயிறு, 4.30-க்குள்' என்று எழுதிக் கொடுத்தார்.

பெரிய வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று வேறு எங்கோ படித்திருக்கிறார். இன்று மதியம் 'ஸ்டூல் எடுக்க' என்று எழுதி, எடுத்து, டிக் அடித்து, அந்தத் திருப்தியில் படுத்தவர் எழுந்தபோது மணி ஐந்து. ராகு காலம். இனிமேல் அடுத்த ஞாயிறுதான்.

ஸ்டூல் ஹால் நடுவில் நிற்கிறது. கால் விரலில் இடித்துக்கொண்டு, "இதையாவது உள்ளே வையுங்களேன்" என்றேன்.

"இன்னைக்கு லிஸ்ட்ல இல்லையே. நாளைக்கு எழுதிடறேன்."