நீச்சல் குளத்தில் முறிந்த கால்: இழப்பீடு கைக்கு வர 2 வருடம்

2023 மே மாதம். கோவையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. 10 வயது மகனை 21 நாள் கோடை நீச்சல் வகுப்பில் சேர்த்திருந்தோம். கட்டணம் 3,500 ரூபாய். எட்டாவது நாள் வகுப்பு முடிந்து குளத்தின் ஓரமாக நடந்து வந்தவன், தரையில் விரித்திருந்த ஒரு ரப்பர் மேட் மேல் கால் வைத்தான். மேட் உள்ளே இறங்கியது. வழிந்து வரும் தண்ணீர் போவதற்காகக் குளத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் உண்டு. அதன்மேல் வெள்ளை பிளாஸ்டிக் மூடிகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் இரண்டு மூடி உடைந்து போயிருந்தது. உடைசலை மாற்றாமல் மேட்டைப் போட்டு மறைத்திருந்தார்கள்.

வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. அவன் கத்திய சத்தம் இப்போதும் சில ராத்திரி என்னை எழுப்பிவிடும்.

ஆஸ்பத்திரிக்கு எங்களோடு குளத்து ஊழியர் ஒருவரும் வந்தார். அவசரப் பிரிவு வாசலில் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், வீட்ல விழுந்துட்டான்னு சொல்லிடுங்க. இல்லைன்னா போலீஸ் கேஸ் ஆகி, ஆபரேஷன் லேட்டாகும்" என்றார். பையன் வலியில் துடிக்கும்போது எந்த அப்பாவுக்கும் அது நியாயமாகத்தான் படும். அவரும் தலையாட்டிவிட்டார். டியூட்டி டாக்டர், "எப்படிம்மா அடிபட்டது?" என்று கேட்டபோது நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்: "நீச்சல் குளத்துல, உடைஞ்ச மூடி மேல கால் வச்சு." அவர் அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதினார். ஆபரேஷன் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் போனது. மறுநாள் ஒரு ஏட்டு வந்து கேட்டு எழுதிக்கொண்டார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. போலீஸ் பக்கம் அதற்கு மேல் நகரவில்லை. ஆனால் நுகர்வோர் வழக்குக்கு எஃப்.ஐ.ஆர். இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

அந்தப் பதிவேட்டு நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். அன்று 'வீட்டில் விழுந்தான்' என்று எழுதியிருந்தால் எங்கள் வழக்கு அந்த வாசலிலேயே முடிந்திருக்கும்.

இரண்டாவது உதவி ஒரு அக்காவிடமிருந்து வந்தது. அவருடைய மகளும் அதே வகுப்பில் இருந்தாள். நாங்கள் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு அவர் அந்த மேட்டை விலக்கி, கீழே இருந்த ஓட்டையை நான்கு படம் எடுத்துவைத்தார். அன்று சாயங்காலமே புது மூடி போட்டுவிட்டார்கள். அந்தப் படங்கள் இல்லையென்றால், மூடி உடைந்திருந்தது என்பதற்கு எங்கள் வாய்ப்பேச்சு தவிர வேறொன்றும் இருந்திருக்காது.

அன்று இரவே நான் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதினேன். இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இப்படி நடந்தது, கேமராப் பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று. கேமரா வேலை செய்யவில்லை என்று பதில் வந்தது. பரவாயில்லை, நாம் கேட்டோம் என்பது பதிவாகிவிட்டது.

காலுக்குள் வளையக்கூடிய டைட்டானியம் கம்பி இரண்டு வைத்தார்கள். எலும்பு கூடிய பிறகு இன்னொரு ஆபரேஷன் செய்து அதை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மருத்துவக் காப்பீடு ஒரு பகுதியைக் கொடுத்தது. மிச்சத்தை நாங்கள் கட்டினோம். இங்கே ஒரு தப்புச் செய்தோம். அசல் பில்லெல்லாம் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டது, நகல் எடுத்து வைக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவில் மூன்று தடவை நின்று, முத்திரை போட்ட நகல் வாங்கினோம். எதைக் கொடுத்தாலும் முதலில் இரண்டு செட் நகல் எடுத்துவிடுங்கள்.

பத்தாம் நாள் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். பழக்கூடை கொண்டுவந்திருந்தார். கிளம்பும்போது, "மேடம், நீங்க ஃபார்ம்ல சைன் பண்ணியிருக்கீங்க, பார்த்துக்கோங்க" என்றார். சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், குளத்தில் நேரும் எந்த விபத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று இருந்திருக்கிறது. அதன் கீழே என் கையெழுத்து. அதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. என் பிள்ளையின் உரிமையை நானே எழுதிக் கொடுத்துவிட்டேனோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்தப் பாரத்தை இறக்கி வைத்தவர் எங்கள் வக்கீல் மேடம். நீச்சலுக்கே உரிய ஆபத்து இருக்கிறது, மூக்கில் தண்ணீர் ஏறுவது, தசை பிடிப்பது போல. அதற்குத்தான் நீங்கள் சம்மதித்தீர்கள், உடைந்த மூடியை மேட் போட்டு மறைப்பதற்கு நீங்கள் சம்மதிக்கவில்லை என்றார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்பதற்குள் கவனக்குறைவும் வருகிறது. கோவளத்தில் ஓட்டல் குளத்தில் ஒருவர் மூழ்கி இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் கொடுத்த தீர்ப்பையும் எடுத்துக் காட்டினார். உயிர்காப்பாளராக இருக்க வேண்டியவருக்கே மது பரிமாறும் வேலையையும் கொடுத்திருந்தார்கள். குடும்பத்துக்கு 62.50 லட்சம் ரூபாய் தரச் சொன்ன உத்தரவு அங்கே உறுதியானது. எங்கள் கதை அவ்வளவு பெரியதல்ல. ஆனாலும் குளம் நடத்துகிறவருக்கு ஒரு கடமை உண்டு என்பதற்கு அது போதும்.

ஜூலையில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். பையன் ஓடியதால்தான் விழுந்தான், பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. செப்டம்பரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இணையவழியே புகார் மனு போட்டோம். அப்போது அந்தத் தளத்துக்கு இ-தாக்கில் என்று பெயர், இப்போது இ-ஜாக்ரிதி. பையன் மைனர் என்பதால் அவனுக்காகக் காப்பாளர் என்ற முறையில் நான் மனுதாரர்.

பலருக்குத் தெரியாத ஒன்று. எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் நாம் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தது இல்லை, சேவைக்கு நாம் கொடுத்த பணத்தைப் பொறுத்தது. கொடுத்தது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. நாங்கள் கொடுத்தது 3,500, கேட்டது 6 லட்சம், கட்டணம் எதுவும் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, நாமே வாதாடலாம். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. தொடங்கும் முன் யோசனை கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். கம்பி எடுக்கிற ஆபரேஷன் முடியட்டும் என்றுதான் நான் இருந்தேன். காத்திருக்க வேண்டாம், இரண்டாவது ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிச் சேர்த்துவிடலாம் என்றார் மேடம். 2024 பிப்ரவரியில் கம்பி எடுத்த பிறகு அந்தப் பில்லைக் கூடுதல் ஆவணமாகக் கொடுத்தோம்.

அவர் செய்த இன்னொன்று முதலில் எனக்குக் கோபத்தைக் கொடுத்தது. மனுவிலேயே, மகனுக்கு நிரந்தர ஊனம் எதுவும் இல்லை, கால் நீளத்தில் வித்தியாசம் வராது என்று டாக்டர் கூறியிருக்கிறார் என எழுதினார். நம் வாயாலேயே ஏன் சொல்ல வேண்டும் என்று சண்டை போட்டேன். "இல்லாததைக் கேட்டா, இருக்கறதையும் நம்ப மாட்டாங்கம்மா" என்றார். இப்போது யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. எதிர்த்தரப்பு எங்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று சொல்ல முயன்ற ஒவ்வொரு முறையும் அந்த வரிதான் எங்களைக் காப்பாற்றியது.

நோட்டீஸ் கிடைத்ததும் எதிர்த்தரப்பு 30 நாளில் பதிலுரை போட வேண்டும், மேலும் 15 நாள் கொடுக்கலாம். அந்த 45 நாளுக்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. அவர்கள் 44ஆம் நாள் போட்டார்கள். ஆணையம் சமரசத்துக்கு அனுப்பியது, அங்கே எதிர்த்தரப்பு 40,000 தருகிறோம் என்றது. கையிலிருந்து போன ஆஸ்பத்திரிச் செலவுக்கே அது காணாது. எழுந்து வந்துவிட்டோம்.

பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. இதுபோன்ற புகாரை 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு 17 மாதம் ஆனது. அந்தச் சமயத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அனுமதி கொடுக்கும் அலுவலகத்திடம், அந்த முகவரியில் நீச்சல் குளம் நடத்த அனுமதி ஏதும் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டோம். அப்படிப் பதிவு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அதையும் சான்றாவணமாகச் சேர்த்தோம்.

போனில் எடுத்த படத்தை வெறுமனே பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் எதிர்த்தரப்பு கேள்வி கேட்கும். எடுத்தவர், இது என் போனில் நான் எடுத்தது என்று சான்றிதழும் பிரமாண வாக்குமூலமும் தர வேண்டும். அந்த அக்காவிடம் கேட்கப் போனபோது எனக்கு நாக்கு எழவில்லை. அவருடைய மகள் அப்போதும் அங்கேதான் நீந்தப் போய்க்கொண்டிருந்தாள். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என் பொண்ணு கால் போயிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்களா கண்ணு?" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதமே மகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் என்னிடம் சொல்லிக் காட்டவில்லை.

2025 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. உடைசல் தெரியாமல் மேட் போடப்பட்டிருந்ததே, ஆபத்து இருப்பது நிர்வாகத்துக்கு முன்பே தெரியும் என்பதற்குச் சான்று என்று எழுதியிருந்தார்கள். நீச்சலின் இயல்பான ஆபத்துக்குத் தந்த சம்மதம், இடத்தைப் பராமரிக்காத கவனக்குறைவை மூடாது என்றும் இருந்தது. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. காப்பீடு போக நாங்கள் கட்டிய 68,400, வலிக்கும் மன உளைச்சலுக்கும் 2 லட்சம், வழக்குச் செலவு 10,000. இரண்டு மாதத்தில் தராவிட்டால் 9 சதவீத வட்டி. அந்த 2 லட்சம், பையனுக்கு 18 வயது முடியும்வரை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவன் பெயரில் டெபாசிட்டில் இருக்க வேண்டும்.

மேல்முறையீட்டுக்கு அவர்களுக்கு 45 நாள் இருந்தது. அதற்குப் போவதென்றால் உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். அவர்கள் மேல்முறையீடும் செய்யவில்லை, பணமும் தரவில்லை. கெடு முடிந்ததும் நிறைவேற்று மனுப் போட்டோம். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதத்திலிருந்து 3 வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்க வழி இருக்கிறது. அந்த நோட்டீஸ் போன பிறகு, வாய்தாவுக்கு மூன்று நாள் முன்பு, ஜூனில், இரண்டு டிடி வந்தது.

வங்கியில் டெபாசிட் ரசீது வாங்கி நகலை ஆணையத்தில் தாக்கல் செய்து, மனுவை முடித்துக்கொள்ளச் சொல்லி மெமோ கொடுத்தோம். வெளியே வந்து முதல் போன் அந்த அக்காவுக்குத்தான் போட்டேன்.