எட்டாம் வகுப்புச் சரக்கு

காஸ்டிக் பட்ட விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தால் வழுவழுவென்று இருக்கும், சோப்பு நுரையைத் தொட்டது போல. உண்மையில் அது சோப்புதான். சோப்பு ஆவதற்கு வேண்டிய கொழுப்பை அது நம் தோலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 1990-களின் நடுவில் ஈரோட்டுப் பக்கம் ஒரு துணிப் பதனிடும் ஆலையில் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்த முதல் வாரம், பருத்தித் துணியைக் காஸ்டிக்கில் ஓட்டும் மெர்சரைசிங் பிரிவின் மேஸ்திரி என் முன்னால் விரல்களைத் தேய்த்துக் காட்டிச் சிரித்தார். கையுறை எங்கே என்று கேட்டேன். "சோடாதானே சார், ஆசிட்டா என்ன?" என்றார். அவருடைய விரல் நுனிகளில் ரேகையே இல்லை.

அந்த ஒரு வாக்கியத்தோடு இருபது வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். நம் ஊரில் ஆப்பத்துக்குப் போடுவதும் சோடா, வெளுக்கப் போடுவதும் சோடா, கோலி போட்ட பாட்டிலில் குடிப்பதும் சோடா. அந்த வரிசையில் கடைசியாக வந்து உட்கார்ந்துகொண்டது காஸ்டிக் சோடா, வேதியியல் பெயர் சோடியம் ஹைட்ராக்சைடு. பாடப்புத்தகம் அதற்கு எரிசோடா என்று எச்சரிக்கையோடு பெயர் வைத்தது. ஆனால் எந்த ஆலையிலும் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆசிட் என்றால் பத்தடி தள்ளி நிற்பவர்கள், சோடா என்றதும் கையை விடுகிறார்கள். வாடை கிடையாது, புகை கிடையாது, நிறம் கிடையாது. பார்ப்பதற்குக் கொஞ்சம் கெட்டியான தண்ணீர்.

எங்கள் ஆலைக்கு அது டேங்கரில் 48 சதவீதக் கரைசலாக வரும். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ட்வாடல் மானியை மிதக்கவிட்டால் நூறு டிகிரிக்கு அருகில் நிற்கும், அதாவது ஒரு லிட்டர் எடுத்தால் ஒன்றரை கிலோ. அதில் தண்ணீர் சேர்த்து ஐம்பது டிகிரி அளவுக்கு இறக்கி, அதற்குள் பருத்தித் துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்து ஓட்டுவார்கள். தட்டையாக முறுக்கிக் கிடக்கும் பஞ்சிழை உப்பி உருண்டையாகிவிடும். பளபளப்பு வரும், சாயமும் நன்றாக ஏறும். காஸ்டிக்கில் பஞ்சிழை உப்புவதை 1844-இல் கண்டுபிடித்தவர் ஜான் மெர்சர் என்ற இங்கிலாந்துக்காரர், விறைப்பாக இழுத்துப் பளபளப்பு வரவைப்பது பிறகு சேர்ந்தது. அவர் பெயர்தான் எந்திரத்துக்கும். பஞ்சிழையை இந்தப் பாடு படுத்தும் ஒரு திரவம் மனிதத் தோலை என்ன செய்யும் என்று அந்தப் பிரிவில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. துணியின் மேல் இருந்த கவலை அவ்வளவு.

ஆசிட் பட்டால் சதை வெந்து கெட்டியாகிவிடும். கெட்டியான அந்தப் பொருக்கே மேற்கொண்டு உள்ளே போகவிடாமல் ஓரளவு தடுக்கும். காஸ்டிக் போன்ற காரம் அப்படியல்ல. புரதத்தைக் கரைக்கிறது, கொழுப்பைச் சோப்பாக்குகிறது, கரைந்த இடத்தின் வழியாகவே அடுத்த அடுக்குக்கு இறங்குகிறது. வலி பல நேரம் தாமதமாகத்தான் வரும். ஆசிட் கதவைத் தட்டிவிட்டு வரும் திருடன் என்றால், இது ஓட்டைப் பிரித்து இறங்குபவன்.

இதை எனக்கு உரைக்க வைத்தவர் ஒரு பிட்டர். லை, அதாவது காஸ்டிக் கரைசல், ஓடும் பம்பின் கிளாண்டு (தண்டைச் சுற்றிய அடைப்பு) கசிந்துகொண்டிருந்தது. பம்பை நிறுத்தாமலே இரண்டு சுற்று முறுக்கிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார், அதுவரை சரி. ஆனால் கால்சட்டை நனையக்கூடாது என்று அதைப் பூட்ஸுக்குள் செருகியிருந்தார். முழங்காலில் தெறித்தது துணி வழியாக இறங்கிப் பூட்ஸுக்குள் குளம் கட்டிவிட்டது. வெதுவெதுப்பாக இருந்ததாம். வியர்வை என்று நினைத்து இன்னும் அரை மணி நேரம் வேலை பார்த்திருக்கிறார். பூட்ஸைக் கழற்றியபோது காலுறையோடு சேர்ந்து கணுக்காலுக்குமேல் தோல் கூழாக வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த இடம் சிவப்பாக இல்லை, சாம்பல் வெள்ளையாக, ஊறவைத்த ஜவ்வரிசி போல இருந்தது.

அவசரக் குளியல் குழாயடிக்கு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒருவர் கேன்டீனுக்கு மோர் எடுக்க ஓடினார், இன்னொருவர் எலுமிச்சை தேடினார். காரத்துக்குப் புளிப்பு மாற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அவர்களுக்கு நினைவிருந்தது, பாவம். நடுநிலையாக்கும்போது பிறக்கும் சூடு வெந்த சதையை மறுபடி வேகவைக்கும். அதைவிட, எலுமிச்சையைத் தேடும் ஐந்து நிமிடமும் காரம் இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர், தண்ணீர், மேலும் தண்ணீர். வேறு வைத்தியம் கிடையாது. ஆனால் வால்வைத் திறந்ததும் அந்தத் தண்ணீர் அவரை அலற வைத்தது. மே மாதப் பிற்பகல். கூரைமேல் வெயிலில் கிடந்த இரும்புக் குழாய்த் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. குழாய் போட்ட நாளில் பக்கத்தில் நின்று அழுத்தமானி பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அது ஜனவரி மாதம். இந்தக் குழாய்களுக்கான அமெரிக்கத் தர விதி, தண்ணீர் 16 முதல் 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும், பதினைந்து நிமிடமாவது ஓட வேண்டும் என்கிறது. முதல் பாதி எனக்குத் தெரியாது. சூட்டுத் தண்ணீர் ஓடித் தீரும்வரை குடிதண்ணீர்ப் பானையைக் கவிழ்த்துக் காலில் ஊற்றினோம். அந்த வருடமே குழாய்களை மண்ணுக்குள் இறக்கினேன். பிட்டருக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் வகைப்பாட்டு அட்டவணைகளை உட்கார்ந்து படித்தேன். அதுவரை அவை ஆய்வாளர் வந்தால் காட்டும் தாள்கள். படித்ததில் அதிர்ச்சி தந்தது எங்கள் 'வீக் லை'. மெர்சரைசிங் முடிந்த துணியை அலசும்போது வரும் நீர்த்த கரைசலுக்கு அந்தப் பெயர். எங்களிடம் அது ஐந்து, ஆறு சதவீதத்தில் இருக்கும். ஆட்கள் அதில் தரை கழுவுவார்கள், செருப்புக் காலோடு நடப்பார்கள். ஐரோப்பிய வகைப்பாட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு ஐந்து சதவீதத்தைத் தொட்டாலே தோலரிப்பில் மிகக் கடுமையான 1ஏ பிரிவுக்குள் போய்விடுகிறது. 48 சதவீதமும் அதே பெட்டிதான். இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு படி கீழே. அரையிலிருந்து இரண்டு வரைதான் வெறும் எரிச்சலூட்டி. நாங்கள் வீக் என்று செல்லமாகக் கூப்பிட்டது டேங்கரில் வந்ததற்குச் சமமான வகுப்பில் உட்கார்ந்திருந்தது. முதலில் சோடா, அடுத்து வீக். பெயர் வைப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

பெயரை நம்ப முடியாது என்றானதும் எண்ணை நம்பத் தொடங்கினேன். டேங்கரின் பின்பக்கத்தில் ஆரஞ்சு நிறமும் எண்களுமாக ஒரு பலகை இருக்கும், 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கியது. காஸ்டிக் கரைசலுக்கு ஐ.நா. எண் 1824, செதிலாக மூட்டையில் வந்தால் 1823. பக்கத்தில் சாய்சதுரத்தில் ஒரு படம், மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி கறுப்பு, அடியில் 8, அரிக்கும் சரக்குகளின் வகுப்பு எண். இரண்டு சோதனைக் குழாய்கள் கவிழ்ந்து, ஒன்றிலிருந்து சொட்டுவது ஒரு கையைத் தின்கிறது, இன்னொன்றிலிருந்து சொட்டுவது ஓர் உலோகக் கட்டியைத் தின்கிறது. எழுத்தறிவே வேண்டாம். ஷிப்டு மாறும் நேரத்தில் ஆட்களை டேங்கருக்குப் பின்னால் நிறுத்தி வைத்து, இந்தக் கை யாருடையது என்று கேட்பேன். எட்டாம் வகுப்புச் சரக்கு என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. "சார் எட்டாம் வகுப்புப் பாடம் எடுக்க வந்துவிட்டார்" என்பார்கள்.

உலோகக் கட்டி ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒருநாள் அலுமினியப் போசியில் லை மொண்டுகொண்டிருந்த பையனைப் பிடித்தேன். போசியை மேசைமேல் வைத்து எல்லோரையும் பார்க்கச் சொன்னேன். சுவர் முழுக்கப் பொடிக் குமிழிகள் கிளம்பின, சற்று நேரத்தில் பால் பொங்குவது போல நுரைத்தது, போசியைத் தொட முடியாத அளவு சூடேறியது. வருகிற குமிழி ஹைட்ரஜன், பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் தெரியும் என்றேன். துத்தநாகம் பூசிய வாளிக்கும் இதே கதிதான். அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு போசிகள் பிரிவைவிட்டு வெளியேறின. மேஸ்திரி மட்டும், "இத்தனை நாள் போசி சீக்கிரம் ஓட்டையாகிறது என்று கடைக்காரனை அல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்" என்றார்.

எண்ணை நம்பியதற்கும் ஒரு நாள் வந்தது. 2007 கோடை. கிடங்குக்குப் புதிதாக வந்த எழுத்தர் படு ஒழுங்கானவன். நான் எடுத்த பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டவன். தாறுமாறாகக் கிடந்த கிடங்கை இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடுக்கி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். மூன்றாம் எண் ஒரு வரிசை, ஐந்தாம் எண் ஒரு வரிசை, எட்டாம் எண் ஒரு வரிசை. சாய்சதுரங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. எனக்குப் பெருமையாக இருந்தது, முதுகில் தட்டிக்கொடுத்தேன். எட்டாம் வரிசையில் என்னென்ன நின்றன என்று நான் பார்க்கவில்லை. காஸ்டிக் டிரம் 1824, அதை அடுத்து அசிட்டிக் ஆசிட் கேன் 2789, அதை அடுத்து வெளுக்கப் பயன்படும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) 1791. மூன்றும் எட்டுதான். அவன் தப்பு எதுவும் செய்யவில்லை.

பதினோராவது நாள் ஓர் ஆசிட் கேனின் அடி விரிசல் விட்டிருக்கிறது. ஹைப்போ கேன் எப்போதும் கொஞ்சம் வழியும், உள்ளே வாயு சேராமல் இருக்க மூடியில் துளை வைத்திருப்பார்கள். இரண்டும் தரையில் சந்தித்தன. ஹைப்போ கெடாமல் நிற்பதே அதிலுள்ள கொஞ்சம் காஸ்டிக்கின் தயவில்தான். ஆசிட் அதைத் தின்று முடித்ததும் குளோரின் கிளம்பிவிடும். சரக்கு இறக்கப் போன இரண்டு பேர் கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். ஒருவரை ஓர் இரவு மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். நல்லவேளை, கதவு இரண்டும் திறந்திருந்தது.

உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு முனையில் குளோரின், மறுமுனையில் காஸ்டிக்கும் ஹைட்ரஜனும் வரும். மேட்டூர், சாகுபுரம் ரசாயன ஆலைகளில் நடப்பது அதுதான். பிரித்த குளோரினையும் காஸ்டிக்கையும் மறுபடி சேர்த்தால் ஹைப்போ. இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். ஆனால் கிடங்கில் நின்று பார்த்தபோது எண்ணைத்தான் பார்த்தேன். எட்டு என்ற எண், ஒரு சரக்கு என் கையை என்ன செய்யும் என்று சொல்கிறது. பக்கத்துக் கேனோடு சேர்ந்தால் என்ன செய்யும் என்பது அதன் வேலையல்ல. அது பாதுகாப்புத் தரவுத் தாளில் வேறு இடத்தில் இருக்கிறது. பதினாறு பகுதிகளில் போக்குவரத்து வகுப்பு 14-ஆம் பகுதி, எப்படி வைக்க வேண்டும் என்பது 7, எதோடு ஒத்துவராது என்பது 10. நான் 14-ஐ மட்டும் பாடமெடுத்திருந்தேன். விசாரணை அறிக்கையில் மேலாளர் எழுத்தரின் பெயரை எழுதச் சொன்னார். என் பெயரையும் சேர்த்தால் எழுதுகிறேன் என்றேன். கடைசியில் இருவர் பெயரும் இல்லாமல் 'கவனக்குறைவு' என்று போட்டுக் கோப்பை மூடினார்கள்.

வரிசைக்கு நடுவே இடுப்பளவு சுவர் எழுப்பி, தனித்தனிச் சாக்கடை வைத்தோம். எழுத்தர் 7-ஐயும் 10-ஐயும் படித்துவிட்டு, எங்கள் மொழியில் அதைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினான்: 'ஹைப்போவுக்கும் ஆசிட்டுக்கும் ஆகாது. காஸ்டிக்குக்கும் ஆசிட்டுக்கும் ஆகாது. காஸ்டிக்குக்கும் அலுமினியத்துக்கும் ஆகவே ஆகாது. பெராக்சைடு யாரோடும் பேசாது.' சுமை இறக்குகிறவர்கள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள், சம்பந்திச் சண்டைக் கதை கேட்பது போல.

அடுத்த வருடம் தரச்சான்று தணிக்கைக்கு வந்தவர் சுவரைப் பார்த்து முகம் சுளித்தார். அங்கீகரிக்கப்பட்ட படிவத்தில் இல்லையாம். வெள்ளையடித்து, ஆங்கிலத்தில் அச்சிட்ட அட்டவணை ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டினோம். சான்றிதழ் வந்தது. மறுநாள் காலை கிடங்குக்குப் போனபோது, சட்டத்துக்குக் கீழே புது வெள்ளையின்மேல் எழுத்தர் கரித்துண்டால் எழுதிக்கொண்டிருந்தான். சுண்ணாம்புக் கட்டி வெள்ளையில் தெரியாதே சார் என்றான்.