அம்மாவின் செருப்பு

அடுத்த மாதம் அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. நேற்று மஞ்சக்குப்பம் வீட்டு வாசலில் அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலின் உள்பக்கம் மட்டும் தேய்ந்து காகிதம் மாதிரி இருந்தது.

"கணுக்காலும்தான் வலிக்குது. முட்டி வலியில இத வேற யாருகிட்ட சொல்றது?" என்றார். மனசே ஆறவில்லை.

அம்மா மாதிரி முட்டி வெளிப்பக்கம் வளைந்தவர்களுக்கு, பாதம் தரையில் படிவதற்காகக் குதிகால் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஈடுகட்டும். வருடக்கணக்கில் அப்படியே நடந்தால் பாதம் தட்டையாகலாம். அறுவை சிகிச்சையில் முட்டியை நேராக்கியதும் சிலருக்குச் சரியாகிவிடும். குதிகால் மூட்டு இறுகிப்போயிருந்தால் வலி தங்கிவிடலாம்.

இத்தனை தடவை ஆஸ்பத்திரி போயும் பாதத்தை யாரும் பார்க்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அந்தச் செருப்பையும் எடுத்துப் போகிறோம். நிற்கவைத்துக் கணுக்காலுக்கும் எக்ஸ்ரே எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கணும்.