முள் எடுக்கப் படித்தவர்கள்

எங்களுக்கு விலங்கியல் படிப்பித்த சேர் காலமான செய்தி வந்த அதே கிழமையில்தான் இந்தக் கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கல்லூரி மணியையும் மைதானத்தையும் மற்றவர்கள் எழுதுவார்கள். இது சேரின் ஆய்வுகூடம் நோர்வேயின் வடகோடியில் எங்களுக்குச் சோறு போட்ட கதை.

பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி எடுக்கவேண்டும் என்று இலங்கையில் 1971இல் தொடங்கிய தரப்படுத்தலுக்குப் பின் எங்கள் பெடியளில் பலருக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. எண்பதுகளில் திறந்த கதவு நோர்வேயின் மக்கள் உயர்பாடசாலை. ஒரு கல்வியாண்டு, விடுதி வாழ்க்கை. பரீட்சையும் கிடையாது, பட்டமும் கிடையாது. அது முடிந்ததும் பலர் நோர்வேயின் வடகோடி மாகாணமான பின்மார்க்குக்கு ஏறினார்கள். உள்ளூர் இளைஞர் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள், மீன் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. நவம்பர் கடைசியில் மறைகிற சூரியனை அங்கே ஜனவரி பிற்பாதியில்தான் திரும்பக் காணலாம்.

தோல் உரித்த தொர்ஸ்க் (ஆங்கிலத்தில் 'கொட்') மீனின் சதை ஒளிமேசைக்கு வரும். கீழிருந்து வெளிச்சம் பாய, இரத்தத் திட்டு, வயிற்றுச் சவ்வின் கறுப்பு, சுருண்டு கிடக்கும் புழு எல்லாம் நிழலாகத் தெரியும். புழு அதிகம் ஒளிந்திருப்பது வயிற்று மடலில். கண் முதலில் அங்கே போகவேண்டும். அடுத்தது முள்வரிசை. அதன் இருபுறமும் கத்தியைச் சாய்த்து, ஆப்பு வடிவில் வெட்டி எடுக்கவேண்டும். ஆப்பு அகன்றால் நல்ல சதை கழிவுக்குப் போகும், ஒடுங்கினால் முள் நின்றுவிடும். வேகம், தேறும் எடை, தரம் மூன்றையும் சேர்த்துக் கூலி கணக்கிட்டதால் இரண்டு பிழையும் சம்பளத்தில் தெரியும். மீன் விறைத்திருக்கும் நேரத்தில் வெட்டினால் சதை சுருங்கி அடுக்கடுக்காகப் பிளக்கும். மெழுகு அட்டைச் சட்டத்தில் ஏழரைக் கிலோ கட்டியாக அடுக்கும்போது மூலையில் இடைவெளி விட்டால் காற்றுப் பொந்து விழும்; உறைந்தபின் வாளால் அறுக்கையில் துண்டு உடையும்.

புதிதாக வருபவர்கள் கத்தியை அழுத்துவார்கள், மத்தியானத்துக்குள் தோள் இறுகிவிடும். எங்கள் பெடியள் அழுத்தவில்லை. கல்லூரி ஆய்வுகூடத்தில், மெழுகுத் தட்டில் தேரையை ஊசி குத்தி விரித்துவிட்டு, சேர் ஒவ்வொருவர் மணிக்கட்டையும் பிடித்துத் தளர்த்துவார். "அழுத்தினால் கிழியும். அலகைத் தீட்டு, கையை விடு" என்பார். போமலின் மணத்தோடு படிந்த பாடம் அது.

வேலை முடிந்து பின்னேரம் மொழி வகுப்பு. கேள்வியல்லாத சாதாரண நோர்வேஜிய வசனத்தில் வினைச்சொல் இரண்டாம் இடத்தை விட்டு அசையாது: 'இன்று சாப்பிடுகிறேன் நான் மீன்' என்று அடுக்கவேண்டும். வினையைக் கடைசிவரை வைத்துக் காத்திருக்கும் தமிழ் நாக்குக்கு இதுதான் பெரிய இடறல். வகுப்பில் 'நான்' என்பதற்கு 'யை' என்று படித்துவிட்டுப் போனால், மேசையில் பக்கத்தில் நின்றவர் 'ஆ' என்பார். வடக்கின் வழக்கு அது. புத்தகத்தை மட்டும் படித்தவர்களுக்கு வேலைத்தளத்தில் ஒன்றும் விளங்காது, வேலைத்தளத்தில் மட்டும் கேட்டவர்கள் எழுத்துப் பரீட்சையில் தவறுவார்கள். இரண்டும் வேண்டும்.

முதற் பாடமே 'எங்கிருந்து வருகிறாய்?' ஒரு சொல்லில் பதில் எழுதவேண்டும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்தவர்களின் பேனை அந்தக் கோட்டில் நின்றது. நாட்டின் பெயரை எழுதினால் மனம் ஒப்பாது, ஊரின் பெயரை எழுதினால் ஆசிரியைக்கு விளங்காது. பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது அந்தக் கேள்வி கடுதாசியாக வந்தது. 2020 ஜனவரி 1 வரை நோர்வேக் குடியுரிமை எடுப்பவர் பழையதைக் கைவிடவேண்டும் என்பதே பொது விதி. மனம் ஒப்பாமல் எழுதிய அந்தப் பெயரைக் கைவிடக் கையெழுத்து வைத்தபோதுதான் அது எவ்வளவு உள்ளே இருந்தது என்று தெரிந்தது. இன்று இரண்டையும் வைத்திருக்க நோர்வே விடுகிறது. கையெழுத்து வைத்தவர்களுக்கு அந்த விதி பிந்தி வந்தது.

சேருக்குப் போன கடிதங்களில் மொழி வகுப்பு இருந்தது, பனி இருந்தது, மீன் இருக்கவில்லை. விலங்கியல் படிப்பித்தவரிடம் மீன் வெட்டுகிறோம் என்று எழுத வெட்கம். பிழையான வெட்கம். எழுதியிருந்தால் அவர் வேலையைப் பற்றிக் குறைவாக ஒரு சொல்லும் சொல்லியிருக்கமாட்டார். அந்த முள்வரிசை எதுவரை போகிறது என்றுதான் கேட்டிருப்பார்.

வால்வரை போகாது, சேர். தலைப்பக்கத்தில் தொடங்கி நீளத்தில் மூன்றிலொரு பங்களவில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கத்திக்கு ஒன்றும் தட்டுப்படாது.