கட்டவில்லை, கட்டமாட்டார்கள்

கடன் கொடுக்கும் எங்கள் கிளையின் அறிக்கையில் "நிலுவைக்கான காரணம்" என்ற கட்டத்துக்குள் ஒரு வரிக்குமேல் இடமில்லை. அந்த வரியை முகாமையாளரே சொன்னார்.

"கரையோரத்து ஆக்கள் கடன் கட்டமாட்டினம் எண்டு போடும் பிள்ளை. கொழும்புக்கு விளங்கும்."

"கட்டேல்ல எண்டு போடுறன் சேர். கட்டமாட்டினம் எண்டு எப்பிடிப் போடுறது?"

"ரெண்டும் ஒண்டுதானே."

ஒன்றில்லை. இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. கட்டவில்லை என்றால் நடந்தது. தவணை அட்டையைப் பார்த்துச் சரிபிழை சொல்லலாம். கட்டமாட்டார்கள் என்றால் அது அவர்களுடைய குணமாகிவிடுகிறது. நாளைக்கு ஒருவர் வந்து கட்டினாலும் வசனம் பொய்க்காது, அவரை விதிவிலக்காக்கிவிட்டு அப்படியே நிற்கும். மாடு புல் தின்னும், மார்கழியில் பனி பெய்யும் என்று சொல்கிற அதே வினைமுற்றில் ஒரு ஊரையும் சொல்லிவிட முடிகிறது. எல்லோருமா, பாதிப்பேரா, எப்போதுமா என்று அந்த வினைமுற்று சொல்வதுமில்லை, கேட்கிறவர் விசாரிப்பதுமில்லை.

நாங்கள் கிழக்குக் கரைக்குப் போனது மார்கழியில். வாடைக்காற்றுக்கு வள்ளங்களை மேலே இழுத்து, இயந்திரங்களைக் கழற்றி, சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி என்கிற மீன்பிடிக் குடிசை போடுகிறவர்கள்கூட அப்போது இங்கே இருப்பதில்லை. அந்த மாதத்து அட்டைகளை மட்டும் பார்த்தால் முகாமையாளர் சொன்னது சரிதான். நான் சித்திரை, வைகாசி அட்டைகளையும் எடுத்தேன். அதே பெயர்கள், வரிசையாகக் கையெழுத்து.

மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், கண்டதைக்கொண்டு காணாததை அறிகிற அனுமானத்தை விளக்குகிற இடம் எனக்குப் பிடித்தமானது. இம்மலை நெருப்புடையது, புகை இருப்பதால், அடுக்களைபோல. அதோடு விடாமல், நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, நீரைப்போல என்று மறுபக்கத்தையும் காட்டவேண்டும் என்கிறது அந்த 29ஆம் காதை. எங்கள் அறிக்கைகளில் அடுக்களை மட்டும்தான் வரும். நான் மறுபக்கத்தையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்: "வாடைக்காற்று மாதங்களில் கடற்றொழிலாளர் தவணை கட்ட இயலாது." முகாமையாளர் வாசித்தார், ஒன்றும் சொல்லாமல் ஒப்பமிட்டார். அந்த மாதங்களுக்குத் தவணை தள்ளிவைக்கப்பட்டது. எத்தனையோ வீடுகளில் நகை அடைவுக்குப் போகாமல் தப்பியது.

இது நடந்ததால்தான் மற்றதை நினைக்கக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த வருடம் அதே வசனம் விதியாகி வந்தது: ஐப்பசி முதல் தை வரை கடற்றொழிலாளருக்குப் புதுக் கடன் இல்லை. கிண்ணியாவிலிருந்து ஒரு அம்மா படிவத்தோடு வந்தார். கணவருக்குக் களப்பில், கடலோடு சேர்ந்த உள்நீர்ப்பரப்பில், தொழில். தொழில் என்ற இடத்தில் கடற்றொழில் என்று நாங்களே நிரப்பிக் கொடுத்திருந்தோம். களப்புக்கென்று வேறு வகை படிவத்தில் இல்லை.

"கடலுக்குத்தான் மகள் இப்ப ஏலாது. எங்களுக்கு மழைக்குத்தானே இறால் படும். வலை வாங்கத்தான் கேக்கிறம்."

அவருடைய விண்ணப்பம் திரும்பியது. நான் எழுதியது பொய்யில்லை. கடலுக்குப் போகிற நூறு பேரைப் பார்த்து எழுதியது. ஆனால் அவர் பக்கத்தில் நின்று வாசித்தால், கட்டமாட்டினம் என்ற வசனமும் என்னுடையதும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன.

"ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வசனம் எழுதேலுமா பிள்ளை?" என்று முகாமையாளர் கேட்டார். ஏலாது. பொதுவாக எழுதியிராவிட்டால் அந்தத் தவணைகளை யாரும் தள்ளிவைத்திருக்கமாட்டார்கள். இன்னாருடைய வள்ளம் கரையில் கிடக்கிறது என்று தனித்தனியாக எழுதியிருந்தால் அது கோப்புக்குள்ளேயே கிடந்திருக்கும். இதை யோசிக்கிறபோது என் வரி சரியென்றே படுகிறது. பிறகு அந்த அம்மா சுருட்டிப் பிடித்திருந்த படிவம் நினைவுக்கு வருகிறது.

இந்த முறை "கடலுக்குப் போகும் தொழிலாளர்" என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன். களப்புக்காரர் வெளியே வந்துவிடுவார்கள். ஆனால் கடலுக்குப் போகிறவர்களிலும் வாடை மாதங்களில் மேசன் வேலைக்குப் போய் ஒரு தவணையும் தவறவிடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எங்கே வைப்பது என்று முகாமையாளரைக் கேட்டேன்.

"அவை கட்டுகினம்தானே. பிறகென்ன?"

"அவைக்கும் ஐப்பசியில கடன் இல்லைத்தானே சேர்" என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. படிவத்தில் அதை எழுத இடமும் இல்லை.